வந்து வந்து போகும் பிரேக் எச்சரிக்கை

மார்ச் 4, செவ்வாய்

பிரேக் ஆயில் குறையவில்லை. மெக்கானிக் மூடியைத் திறந்து காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். மேல் அளவுக்கோட்டைத் தொட்டு நிற்கிறது. பிரேக் பேடுகளும் தேயவில்லை. ஆக, இன்று காலை இறக்கத்தில் ‘பிரேக் கோளாறு’ என்று திரையில் வந்த சிவப்பு எழுத்துக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை.

எழுத்து வந்ததும் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலும் இழுக்கவில்லை. பின்னால் லாரி. என் பின்னால் மனைவி. ஓரம் கட்டி, அணைத்து, மறுபடி கிளப்பினேன். எழுத்தைக் காணோம்.

மார்ச் 6, வியாழன்

வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வந்தது. இந்த முறை சமதளம். மழை இல்லை, பள்ளம் இல்லை. அவளை அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாகவே உருட்டி, தாமதமாகப் பத்திரிகை அலுவலகம் போனேன். செய்தி ஆசிரியர் என்ன என்று கேட்டார். போக்குவரத்து என்றேன்.

மார்ச் 10, திங்கள்

பேட்டரி முனைகளைத் துடைத்தாயிற்று. சக்கர சென்சார் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாயிற்று. காலை முழுக்க மெக்கானிக்கே ஓட்டினார். ஒருமுறைகூட வரவில்லை.

“சார், என்கிட்ட நல்ல புள்ளையாத்தான் இருக்கு. உங்ககிட்ட வந்தா மட்டும் ஏன் அடம் பிடிக்குதுன்னு தெரியல.”

“அப்ப நான் கதை விடுறேனா?”

“அப்படிச் சொல்வேனா சார். அடுத்த தடவை வந்தா ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க.”

நிருபராக ஊரிலுள்ள எல்லோரிடமும் ஆதாரம் கேட்டே பிழைத்தவன் நான். இன்று என்னிடம் கேட்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

இந்த வண்டிக்குக் கையில் பிரேக் கிடையாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரம். மூன்றையும் நிறுத்த வலது காலடியில் ஒரே ஒரு பெடல். எச்சரிக்கை பொய்யாக இருந்தால் எரிச்சல், அவ்வளவுதான். உண்மையாக இருந்தால்?

சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

“நாளையிலேருந்து நான் பஸ்ல போயிக்கிறேங்க.”

“பயமா இருக்கா?”

“வண்டியப் பாத்து இல்ல. அந்தத் திரையையே முறைச்சுக்கிட்டு ஓட்டுறீங்களே, அதைப் பாத்துத்தான்.”

கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம். அவள் சொன்னது சரி. ரோட்டை நான் பார்ப்பதே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

முதல் சாட்சி கிடைத்துவிட்டான். மனைவியின் தம்பி. என் பின்னாலேயே காரில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். அலுவலக வாசலில் இறங்கியதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

“மாமா, உங்க முக்காலியில பிரேக் லைட்டு அணையவே இல்ல. பாலம் ஏறும்போதும் எரியுது. மேட்டுல யாராவது பிரேக் போட்டுக்கிட்டு ஏறுவாங்களா?”

“நான் பிரேக்கே போடலடா.”

“அப்ப வண்டி உங்கள நம்பாம தானே போட்டுக்குது போல.”

மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் குரலில் உற்சாகம். “பிரேக் பெடல் சுவிட்ச்தான் சார். பெடல அமுக்காமலே அமுக்கினதா காட்டுது. நீங்க ஆக்ஸிலரேட்டரும் முறுக்குறீங்க, பிரேக்கும் போடுறீங்கன்னு வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சேதி போகுது. எதை நம்புறதுன்னு தெரியாம கோளாறுன்னு எழுதிடுது.”

விளங்கியது. பத்து நாளில் இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். சுவிட்ச் திங்கட்கிழமை வருகிறது.

மார்ச் 17, திங்கள்

புது சுவிட்ச் மாட்டி வீடு திரும்பும் வழியிலேயே, தெருமுனைக்கு முன்னால், மறுபடி வந்தது. நடுரோட்டில் நின்று மெக்கானிக்கிடம் போனில் கத்தினேன். அவர் கத்தவில்லை. “சுவிட்ச் புதுசு சார். பெடல் அமுங்கினாத்தான் லைட்டு எரியும். இதுக்கு மேல எனக்குத் தெரியல, கம்பெனிக்கே கொண்டு போயிடுங்க.”

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ‘பெடல் அமுங்கினாத்தான் லைட்டு எரியும்’ என்ற வரியை மட்டும் அவள் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

மார்ச் 18, செவ்வாய்

காலை. வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, சாவியைத் திருப்பினேன். நான் இருக்கையில். அவள் பின்னால் நின்று விளக்கைப் பார்த்தாள்.

“பிரேக் போடுங்க. ம். இப்ப எடுங்க.”

“எடுத்துட்டேன்.”

“எரியுது.”

“அதைத்தானே இத்தனை நாளா சொல்றேன். சுவிட்சு—”

“கொஞ்சம் குனிஞ்சு காலைப் பாருங்க.”

பார்த்தேன். கால் பெடல் மேலேயே இருந்தது. குதிகாலைத் தூக்கியிருக்கிறேன், ஷூவின் முனை அப்படியே கிடக்கிறது. தொட்டும் தொடாமலும். விளக்கு எரிய அது போதும்.

“பாத்துக்கிட்டே எடுங்க.” அணைந்தது. “இப்ப நேரா பாத்துக்கிட்டுப் போட்டு எடுங்க.”

“எடுத்துட்டேன்.”

“எரியுது.”

பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். என் வலது ஷூவையும் காலுறையையும் கழற்றினாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னாள்.

“எந்த விரலத் தொடுறேன்?”

“இன்னும் தொடவே இல்லையே நீ.”

திரும்பினேன். ஐந்து விரலையும் சேர்த்துக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எப்போதிலிருந்து? தெரியல. அதான்— எனக்கே தெரியலையே. இந்தக் காலை நம்பித்தானே அவளைத் தினமும் அந்த இறக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன்.

மார்ச் 19, புதன்

மெக்கானிக்கைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “வண்டியில ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் எதுல சார்?”

சொன்னேன். “ஓட்டாதீங்க சார்” என்றார்.

மார்ச் 21, வெள்ளி

மருத்துவர் உறுதி செய்தது: வலது கணுக்காலுக்குக் கீழே உணர்வு குறைந்திருக்கிறது. இடது கால் இன்றைய நிலையில் சரி. ரத்தத்தில் சர்க்கரை இருக்கவேண்டியதைவிட அதிகம். இதுவரை நான் பரிசோதித்துக்கொண்டதே இல்லை.

உறுதியாகாதது: காரணம் சர்க்கரையா, முதுகில் நரம்பு அழுந்தியிருக்கிறதா என்பது. ஒரு கால் மட்டும் என்பதால் முதுகையும் பார்க்கவேண்டும் என்றார். நரம்புப் பரிசோதனை இன்றே முடிந்துவிட்டது. மறுபடி வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். “ரிப்போர்ட் வரட்டும். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றார். நானும் பலமுறை இதே பதிலை வாங்கி அப்படியே அச்சேற்றியிருக்கிறேன். இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

அவளுக்கு லைசென்ஸ் உண்டு, பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது. நேற்றும் இன்றும் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “அக்கா வளைவுல திட்டிக்கிட்டே ஓட்டுது மாமா, ஆனா நல்லா ஓட்டுது” என்றான். திரையில் எழுத்து வந்ததா என்று கேட்டேன். ஒருமுறைகூட இல்லையாம்.

ரிப்போர்ட் செவ்வாய் மாலை. ஐந்து மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஓட்டுவாள்.