ஜெனோவாவில் பதினோரு நாள்

நைனா,

இன்று காலை பயணக் கோப்பை பீரோவிலிருந்து எடுத்தேன். பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் உன் விசா போட்டோக்கள் கிடந்தன. வெள்ளைப் பின்னணி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. சிரிக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதும் நீ இறுக்கிக்கொண்ட வாய். அந்தப் போட்டோ எடுத்த அன்று மாலைதானே எல்லாம் வெளியே வந்தது.

ஐரோப்பா உன் ஆசை. வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கேயும் சேர்ந்து போகாத குடும்பம் நாம். நீ லண்டன், பாரிஸ், சுவிஸ், வெனிஸ், ரோம் என்று பதினான்கு நாள் சுற்றுலாத் தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாய். அம்மாவுக்குப் பனியைக் கையால் தொட வேண்டும். உனக்குப் பாரிஸ் கோபுரத்தில் ஏற வேண்டும், ரோமில் போப்பாண்டவர் பூசை பார்க்க வேண்டும்.

"கப்பல்ல இருந்தப்போ பாதி ஊருக்குப் போயிக்கிறேன்" என்றாய். "ஆனா பாத்ததெல்லாம் கிரேனும் குடோனும்தான். அதுக்கு நம்ம ஆர்பரே போதும்."

நீ கப்பலை விட்ட கதை நம் காலடிப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவன் நீ. அத்தைகள் சொல்வார்கள், கோயிலில் ஒயிட் டிரஸ் மாட்டி எனக்கு முதல்முறை நற்கருணை அப்பம் தந்து புது நன்மை கொடுத்த அன்றுகூட யாரோ சொன்னார்கள். அந்தக் குழந்தை நான் என்பதில் எனக்குப் பெரிய கர்வம்.

துறைமுகத்தில் சரக்குக்கு அறிக்கை தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. அதனால் விசா படிவமும் என் தலையில்தான் விழுந்தது. லண்டனுக்கான படிவம் முதலில். அம்மா அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, நீ பதில் சொன்னாய். எந்த நாட்டிலிருந்தாவது உங்களை வெளியேற்றியிருக்கிறார்களா என்ற கேள்வி வந்தது. நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

"இல்லன்னு போடு" என்றாய், அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு.

"இன்னா நைனா, இதுக்குப் போயி யோசிக்கிற?"

"போடும்மா. நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. யாருக்குத் தெரியப் போவுது."

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. நீ அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாய்.

"ஜெனோவா ஆர்பருல கப்பல வுட்டு எறங்கிட்டேன். பதினோரு நாளு. போலீசு புடிச்சி பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டான். கப்பல் வேலையும் அத்தோட போச்சு."

"எதுக்கு எறங்கின?"

"அங்கியே இருந்துடலாம்னு."

"அப்போ நான் பொறந்துட்டேனா?"

"ஆறு மாசம்."

உனக்கு நானே ஒரு வழி எடுத்துக் கொடுத்தேன். "எங்களயும் அப்பால கூப்ட்டுக்கலாம்னு நெனச்சியா?"

நீ அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். தலையை ஆட்டினாய். "இல்லம்மா. அப்டி நெனைக்கல."

நெத்திலி வந்தது. நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். அன்று என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாள் உன்னோடு நான் பேசவில்லை. காலையில் நீ செய்தித்தாளை எடுத்தால் நான் உள்ளே போனேன். சுற்றுலா அலுவலகப் பெண் தினமும் போன் செய்தாள். திங்கட்கிழமைக்குள் படிவம் போகாவிட்டால் மூன்று இடமும் போய்விடும் என்றாள். அம்மா நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாடி, ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சினுகீறீங்க?" என்றாள். நான் ஆபீஸ் தொல்லை என்றேன். இல்லை என்று தட்டச்சு செய்து அனுப்பிவிடலாமா என்று ஒருமுறை படிவத்தைத் திறந்தேன். செய்யவில்லை. நேர்மையினால் என்று சொல்லமாட்டேன். உன்னைத் தப்பவிட மனமில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் நீயே சொன்னாய். எதையும் விடாமல் சொன்னாய்.

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "எத்தினி நாளு?"

"பதினோரு நாளு."

"அத்தினி நாளும் இன்னா துன்ன?"

இதை நீ எதிர்பார்க்கவில்லை. "ஒரு கோயில் வாசல்ல ரொட்டி குடுத்தாங்க" என்றாய்.

"நா லெட்டர் வரலன்னு கொழந்தய தூக்கினு தபால்காரர் பின்னாடி நடந்துனு இருந்தேன்" என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "ஆமான்னே போடுடி. பொய் சொல்லி வாங்கற விசாவுல நா வரமாட்டேன்."

ஆம் என்று போட்டால் விளக்கக் கடிதம் வேண்டும். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினேன். நீ தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாய். "சொந்தக் காரணம்னா இன்னா? நடந்தத எழுது" என்றாய். மனைவியையும் ஆறு மாதக் குழந்தையையும் விட்டு என்ற வரியை அந்தக் குழந்தையே தட்டச்சு செய்தாள், நைனா. இரண்டு முறை எழுத்துப்பிழை வந்தது.

கைரேகை கொடுத்துவிட்டு மெட்ரோவில் திரும்பினோம். அம்மா நம்மோடு உட்காராமல் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் கேட்டேன். "போலீசு புடிக்காம இருந்தா வந்திருப்பியா?"

"தெரியாதும்மா."

தண்டையார்பேட்டை தாண்டியது. "அன்னிக்கு போலீசு இட்டாந்து வுட்டான்" என்றாய். "அப்பால முப்பது வருசம் எண்ணூர் கம்பெனில பாய்லர் பாத்துட்டு தெனமும் வூட்டுக்கு வந்தேன். அதுக்கு யாரும் என்ன இஸ்துனு வரல."

நம் நிறுத்தம் வந்தது, இறங்கினோம்.

விசா மூன்று பேருக்கும் வந்தது. கடிதத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மா உன்னோடு பேசத் தொடங்கியது ஸ்வெட்டர் வாங்கிய அன்றுதான். "கை நீளமா கீது, மாத்தினு வா" என்றாள். உனக்கு அது போதுமாக இருந்தது. வரும் வழியெல்லாம் கடைப் பையை நீயே தூக்கிக்கொண்டு வந்தாய். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் பழைய கதையையே சொன்னார்கள். பிள்ளை முகத்துக்காகக் கப்பலை விட்டவர் என்றார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரையும் திருத்தவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் அம்மா "போலாம்டி" என்றாள். சுற்றுலா அலுவலகத்துக்குக் கூடவே வந்து, ஜெனோவாவில் ஒரு நாள் வேண்டும் என்றாள்.

"நம்ம குரூப் யாரும் அங்க போறதில்லியேம்மா" என்றாள் அந்தப் பெண்.

"இவங்கப்பா போனாரு" என்றாள் அம்மா.

வெனிஸ் போகும் வழியில், குழுவை விட்டு நாங்கள் இருவரும் மட்டும் மிலானிலிருந்து ரயிலில் போய்வருவதாக முடிவானது. வெளியே வந்ததும், அங்கே எதற்கு என்று கேட்டேன். "நம்மள வுட்டுட்டு இருக்கற அளவுக்கு அங்க இன்னாதான் கீதுன்னு பாக்கணும்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. ஆறு மாதக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் அது வருகிறது. அதோடு கூடவே இன்னொன்றும் வருகிறது. உடம்பெல்லாம் புகை வாடையோடு நீ கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்க்கும் சத்தம். அதைக் கேட்டுத்தான் நான் படித்தேன், வளர்ந்தேன். ஒரு நாள்கூட அது கேட்குமா கேட்காதா என்று நான் பயந்ததில்லை.

நீ வந்தாய், நைனா. தினமும் வந்தாய். அன்றைக்கு மெட்ரோவில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.