காய்ச்சல் என்று படுத்த திங்கட்கிழமை

இந்த மஞ்சள் டீ-ஷர்ட்டை மூன்று தடவை துவைத்துவிட்டேன். அச்சடித்த பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. முதுகில் பெரிய எழுத்தில் "என் முடிவு என் கையில்" என்று போட்டிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், ஆசிரியர்கள் எங்களுக்கும், ஒரே நிறத்தில் ஒரே அளவில் கொடுத்தார்கள். அளவு கேட்டு எழுதிக்கொள்ள யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. பாதிப் பிள்ளைகளுக்கு முழங்கால் வரை தொங்கியது. இன்று காலை அலமாரியைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. உடனே உன் நினைப்பு வந்தது. நீ இருந்திருந்தால் இதைக் கொண்டுவந்து உன் மடியில் போட்டிருப்பேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தரை தொடைக்க நல்லா இருக்கும்டி" என்றிருப்பாய்.

கொழும்பிலிருந்து விழிப்புணர்வு நடத்த ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள், டீ-ஷர்ட்டும் அவர்கள் கொடுத்ததுதான். சகபாடிகளின் அழுத்தத்தை எதிர்கொள்வது எப்படி என்று பேனர் கட்டினார்கள். மைக் பிடித்தவர் பிள்ளைகளிடம், "உங்கள் நண்பன் ஒரு சிகரெட்டை நீட்டுகிறான். என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றன பிள்ளைகள். "சத்தம் போதாது, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்" என்றார். மூன்று தடவை சேர்ந்து கத்தினார்கள். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி நிறுத்தி, "எல்லோரும் சொல்லும்போது நீ மட்டும் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். அன்று அந்த மண்டபத்தில் பாடம் புரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குப் பட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. பக்கத்தில் மற்ற டீச்சர்மார் இருந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் தர்ஷினியின் விஷயம் வந்தது. என் வகுப்புப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள். பதுளை டவுனில் கணிதப் பிரிவு படிக்கப் போக வேண்டும் என்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கலைப் பிரிவு மட்டும்தான், நம் காலத்தில் இருந்த மாதிரியே. அவள் போவதற்கு விடுகைப் பத்திரம் வேண்டும். அதை நான் எழுத வேண்டும், அதிபர் கையெழுத்துப் போட வேண்டும். என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நம் கதையைச் சொல்லாமல் முடியாது. உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை முழுதாகச் சொல்கிறேன்.

நம்மிடம் யாரும் சிகரெட் நீட்டவில்லை. நம் செட்டில் ஏழு பேர் இருந்தோம், ஏழு பேரும் தோட்டத்தில் ஒரே டிவிஷன். திருவிழாவுக்கு ஏழு பேரும் ஒரே நிறத்தில் உடுத்துவோம். ஒருத்தி கொண்டுவந்த ரொட்டியை ஏழாகப் பிய்ப்போம். ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடுவாள். செல்விதான் தலைவி. அவள் சிரித்தால் சிரிக்க வேண்டும், அவள் ஒருத்தியோடு பேசாவிட்டால் நாமும் பேசக்கூடாது. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தோம். உனக்கு மட்டும் அப்போதே அதில் ஒரு இளக்காரம் இருந்தது. ரொட்டியை வாங்கித் தின்பாய், ஆனால் சிரிப்பு வராத இடத்தில் சிரிக்க மாட்டாய்.

சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு வந்தது உனக்கும் எனக்கும்தான். இரண்டு பேரும் பதுளைக்குப் போவது என்று முடிவு செய்தோம். என் அப்பா இரண்டு நாள் சம்பளத்தை விட்டு, பெரட்டுக்குப் போகாமல் என்னோடு அலைந்து பத்திரம் எடுத்துத் தந்தார். வெள்ளைச் சப்பாத்து கூட வாங்கியாயிற்று. அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், செல்வி என்னை விட்டு அசையவில்லை. உன்னிடம் அவள் வரவே இல்லை, கவனித்தாயா? ஆளைப் பார்த்துத்தான் வருவார்கள். "நீயும் போயிட்டா நாங்க யாருகூட புள்ள இருப்போம்? டவுன் புள்ளைங்க ஒன்ன பக்கத்துல ஒக்காரவாவது விடுவாளுங்களா? தோட்டத்தாள்னு ஒதுக்கி வைப்பாளுங்க. இங்க ஒனக்கு என்னடி கொறச்சல்?" என்று அழுதாள். மற்ற நால்வரும் அழுதார்கள். நானும் அழுதேன். எனக்காக அஞ்சு பேர் அழுகிறார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் நீ எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தாய். சீருடை கசங்காமல், காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு ஷொப்பிங் பையில் சப்பாத்து. மழைக்காலம், சந்தி வரைக்கும் சேறு. சந்தியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கடை வாங்குப் பலகைக்கு அடியில் விட்டுவிட்டு, ஹாலிஎல வழியாகப் பதுளை போகிற பஸ் ஏற வேண்டும். அதெல்லாம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம். நான் கம்பளிக்குள் கிடந்தேன். அம்மா, "காய்ச்சல்மா, ராவெல்லாம் அனத்துனா" என்றார்கள். அம்மாவிடமும் அப்படி நடித்திருந்தேன்.

நீ உள்ளே வந்தாய். குனிந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தாய். உன் கை குளிர்ந்திருந்தது. என் நெற்றியும் குளிர்ந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாய். அம்மா காதில் விழாத மாதிரி, "சரி, படு" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

அதற்குப் பிறகு நீ எங்களுக்கு "டவுன்காரி" ஆனாய். நீ பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் பார்த்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் நின்று உன் நடையைப் பார்த்துச் சிரிப்போம். அங்கிருந்து சந்தி நன்றாகத் தெரியும். ஒருநாள் செல்வி நானா கடை வாங்குக்கடியில் கிடந்த உன் செருப்பை எடுத்து ஒன்றை ஓடையிலும் ஒன்றைத் தேயிலைக்குள்ளும் வீசினாள். ஆறு பேரும் மடுவத்துக்குப் பின்னால் போய் நின்றோம். நீ இறங்கினாய். வாங்குக்கடியில் தேடினாய். கடையைச் சுற்றி ஒரு தடவை வந்தாய். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தையும் கால்மேஸையும் கழற்றி, பைக்குள் பத்திரமாக வைத்து, வெறுங்காலோடு சேற்றில் ஏறி வந்தாய். அட்டை மொய்க்கிற காலம் அது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

அந்தச் செட் எவ்வளவு நாள் இருந்தது என்று நினைக்கிறாய்? அடுத்த திருவிழாவுக்கு இல்லை. செல்வி எல்லோருக்கும் முந்தி, ஒருவரிடமும் சொல்லாமல், ஒருவனோடு பண்டாரவளைக்குப் போய்விட்டாள். இரண்டு பேர் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள், ஒருத்தி வெளிநாடு போனாள், ஒருத்தி தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். நான் மட்டும் கலைப் பிரிவு வகுப்பில் வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் என் படிப்பைக் கொடுத்து வாங்கிய பாசம் பதினொரு மாதம் தாங்கவில்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவர்களில் ஒருத்தியும் அழவில்லை.

நீயும் ஒன்றும் கொடி நாட்டிவிடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் நீ கோபிப்பாய். முதல் தடவை ஒரு பாடம் போனது. இரண்டாம் தடவையும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், மண்சரிவு பயமுள்ள இடங்களை அளந்து பார்க்கிற உத்தியோகத்தில் சேர்ந்தாய். மழை பிடித்தால் போதும், லயங்களிலிருந்து உனக்குப் போன் வரும். செல்வியும் கூப்பிட்டாள், அவள் வீட்டுச் சுவர் வெடித்திருக்கிறது என்று. போனாய், அளந்தாய், இங்கே இருக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய், அவள் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தாய். அதற்குள் நாம் இரண்டு பேரும் பழையபடி பேச ஆரம்பித்திருந்தோம். "அவகிட்ட ஒன்னும் கேக்கலையா?" என்றேன். "என்னத்த கேக்குறது? அவளுக்கு ஞாபகமே இருக்காது" என்றாய்.

போன வருஷம், நீ படுக்கையில் விழுந்து எழும்ப மாட்டாய் என்று தெரிந்த பிறகு, நான் வந்து செருப்புக் கதையைச் சொன்னேன். இருபத்து மூன்று வருஷம் வைத்திருந்து, திருப்பிக் கேட்கத் தெம்பில்லாத ஆளாகப் பார்த்துச் சொன்னேன். அதிலும் என் தைரியத்தைப் பார். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "தெரியும்டி. கடை நானா அன்னைக்கே சொல்லிட்டாரு. வீசுனவளாவது ஏதோ செஞ்சா. நீ சும்மா நின்ன." பிறகு தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன். ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

இப்போது தர்ஷினி. பத்திரம் கேட்டு அவள் வந்த அன்று அதிபர் எங்களை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். "நல்லா படிக்கிற புள்ளைங்க எல்லாம் டவுனுக்குப் போனா நம்ம ஏ.எல். கலைப் பிரிவு வகுப்ப மூட வேண்டியதுதான். ரெண்டு கிழமை இழுத்தா போதும், அங்க சேர்க்கிறது முடிஞ்சிரும். எல்லாரும் ஒரே முடிவுல இருப்போம். சம்மதம்தானே?" என்றார். அந்த அறையில் நான்கு பேர் அப்போது மஞ்சள் டீ-ஷர்ட் போட்டிருந்தார்கள். ஒருத்தர் முதுகில் இருப்பதை இன்னொருத்தர் படித்துக்கொண்டே தலையாட்டினார்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லப் பழக்கிய அதே கூட்டம்தான், வாய் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒருத்தரும் இல்லை. ரொம்பச் சிரிக்காதே. நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தேன். ஒரு பெரிய ஞானோதயமும் வரவில்லை. நீ சும்மா நின்ன, நீ சும்மா நின்ன என்று உன் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பத்திரத்தை எழுதி, வரவுப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிற நேரமாகப் பார்த்து அதிபர் முன்னால் வைத்தேன்.

"நேத்து சம்மதம்னீங்களே டீச்சர்?"

"தலையாட்டினேன் சேர். அது எனக்கு சின்ன வயசுப் பழக்கம்."

"எல்லாரும் ஒரு பக்கம், நீங்க மட்டும் ஒரு பக்கமா?"

"கையெழுத்து போட முடியாதுன்னா காரணத்த எழுத்துல தாங்க சேர். வலயக் கல்விக் காரியாலயத்துல குடுக்குறேன்."

ஒரு டீச்சர் பேனையைக் கீழே போட்டுவிட்டு, அதை ரொம்ப நேரம் தேடினார். அதிபர் என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். அவ்வளவு லேசான காரியம் அது. இவ்வளவு லேசானதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

தர்ஷினி தனியாக வரவில்லை. இரண்டு கையிலும் இரண்டு இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நால்வருக்கும் கண் சிவந்திருந்தது, அவளுக்கும். பத்திரத்தை நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"இல்லீங்க டீச்சர், நான் இங்கேயே படிக்கலாம்னு... நீங்களும் இங்கதானே படிச்சீங்க? நீங்க ஏன் டீச்சர் அப்ப டவுனுக்குப் போகல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியும். அப்பாவுக்கு முடியவில்லை, வீட்டுக் கஷ்டம், தம்பி சின்னவன். கல்யாண வீட்டிலும் பயிற்சி வகுப்பிலும் சொல்லிச் சொல்லி நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். அது வாய் வரை வந்தது.

"பொய்க் காய்ச்சல் வந்து படுத்துட்டேன்," என்றேன். "எனக்காக அஞ்சு பேர் அழுதாங்க, இப்ப இவங்க அழுவுற மாதிரி. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தியும் இன்னைக்கு எனக்குப் போன் பண்றதில்ல. டவுனுக்குப் போனவ ஒருத்திதான் பண்ணுவா. அவ இப்ப இல்ல."

நால்வரில் ஒருத்தி இளித்தாள். மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். தர்ஷினி ஒரு கையை மெதுவாக உருவிக்கொண்டு பத்திரத்தை வாங்கினாள். நன்றி சொல்லவில்லை. என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள், கொஞ்சம் மட்டமாகத்தான். திங்கட்கிழமை போனாள் என்று கேள்விப்பட்டேன். நிலைப்பாளா என்று தெரியாது. ஒரு பாடம் போகலாம், இரண்டும் போகலாம்.

பள்ளிக்கூடத்தில் இப்போது என்னோடு அளவாகத்தான் பேசுகிறார்கள். அது பெரிய வலியில்லை. இந்தத் தோட்டத்தில் எல்லோரும் என்னை டீச்சர் டீச்சர் என்று கும்பிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆகவில்லை. நான் யார் என்று சரியாகத் தெரிந்து என்னை இகழ்ந்தவள் நீ ஒருத்தி. நீ போன பிறகு அந்த வேலைக்கு ஆளில்லை. நான்தான் பார்க்கிறேன். தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் கால் வைக்கும் முன் ஒரு தடவை என்னை நானே உன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.