பஞ்சு இல்லாத பன்னிரண்டு சோதனைகள்

என் செந்தில் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம். பல்லடம் ரோட்டில் லாரி மோதிய இடத்தைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறேன். எதுவும் தோன்றுவதில்லை. அம்மா சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன்.

நம் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனியன் துணி பின்னும் மிஷினில் ஊசி உடைந்தால் உடனே நிறுத்துகிற எலக்ட்ரானிக் போர்டு, எங்கள் கம்பெனி என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை. சென்சாரில் மூன்று வகை, சிப்பில் இரண்டு, வேகத்தில் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு சேர்க்கை. நெருப்பெரிச்சல் ஊரில் நீங்கள் ஃபிட்டராக இருந்த பனியன் யூனிட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக மாட்டிக் கொடுத்தீர்கள்.

"ஏங்கண்ணு, நல்லதா ஒண்ணச் சொன்னா மாட்டிட்டுப் போறேன். இத்தனையும் கழட்டி மாட்டோணுமா?"

"எது நல்லதுன்னு தெரியாமத்தானுங்ண்ணா பன்னெண்டும்."

"உன்னைய இஞ்சினியருக்குப் படிக்க வெச்சது தப்பாப் போச்சு போ."

விலை, வேகம், மின்சாரம் எல்லாவற்றிலும் இன்னொன்றிடம் தோற்பதை அட்டவணையிலிருந்து அடித்துக்கொண்டே வந்தோம். காந்த சென்சார் அப்படித்தான் போனது. கடைசியில் ஒளி சென்சாரைத் தேர்ந்தோம்.

போன வாரம் முதன்முறையாக, மற்ற மிஷின்களும் ஓடுகிற வேலை நாளில் ஓட்டிப் பார்த்தேன். ஊசி உடையாமலே மிஷின் நின்றது. திரும்பத் திரும்ப நின்றது. சென்சார் கண்ணாடியில் பஞ்சு படிந்திருந்தது.

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் நீங்கள் மிஷினுக்கு ஏர் பைப்பால் காற்றடித்துத் துடைத்துவிடுவீர்கள். "தங்கச்சி போர்ட அழுக்குலயா மாட்டறது?" நான் பக்கத்தில்தான் நின்றேன். அட்டவணையில் பஞ்சுக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், பஞ்சு மறைக்க முடியாத காந்த சென்சாரை அடித்திருக்கவே மாட்டோம். ஏன் எனக்குத் தோன்றவில்லை?

நாம் சேர்ந்து செய்த ஒரே வேலை அது. தப்பென்று நானே எப்படிச் சொல்வேன்? இரண்டு நாள் எங்கள் கம்பெனி முதலாளியிடம் மறைத்தேன்.

நேற்று முதலாளி கேட்டார். "என்னங்க, லைட் சென்சாருக்கே ஆர்டர் போட்டறலாமுங்களா?"

"வேண்டாமுங்க சார். எங்க டெஸ்ட் தப்புங்க."

"உங்கண்ணன் மாட்டுனது சரியில்லீங்களா?"

"மாட்டுனது சரிங்க. மிஷின் ரொம்பச் சுத்தமா இருந்துருச்சுங்க."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அழவில்லை அண்ணா. அழுகை இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து, பஞ்சு பறக்கிற நேரத்திலேயே, பன்னிரண்டையும் மறுபடி மாட்டப் போகிறேன். ஸ்பேனர் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, பழகிக்கொள்வேன். நீங்கள் மாட்டியபோது எழுதிய எண்களை அழிக்க மாட்டேன். அவற்றின் தலைப்பில் 'சுத்தமான மிஷின்' என்று மட்டும் சேர்த்து எழுதுவேன். அவை பொய்யில்லையே.

உங்கள் ஒரே தங்கை,
சுகன்யா