மூடியைத் திறக்காமல்

ஜூன் 4

கண்ணான மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் நீ பேசுவது என் காதில் சரியாக விழுவதில்லை. எழுத்தென்றால் இரண்டு முறை படித்துக்கொள்ளலாம். நீ கண் மருத்துவமனை வேலைக்கென்று போய் ஐந்து மாதம். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

என் பிள்ளை, உன் புருஷன், செடி வைத்து மூடிய கண்ணாடி ஜாடியில் பூசணம் பிடித்துவிட்டது. பாசி மேல் பஞ்சு பஞ்சாக வெள்ளை. பெரணிச் செடியில் ஓர் இலை அழுகிவிட்டது. மூடியைத் திறக்காமல் ஏதாவது வழி இருந்தால் சொல்.

உன் அத்தை


ஜூன் 12

அன்புள்ள அத்தை,

திறக்காமல் முடியாது. அழுகிய இலையை இடுக்கியால் எடுத்துவிட்டு, கண்ணாடியை உள்பக்கம் துடையுங்கள். மூன்று நாள் திறந்தே இருக்கட்டும். பிறகு மூடியதும், காலையில் மட்டும் கண்ணாடி லேசாக வேர்த்தால் சரி. நாள் முழுக்கச் சொட்டினால் ஈரம் அதிகம். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இன்னொரு விஷயம் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 20

கண்ணு,

அந்த மூடியை மூடியது அவன். "இனிமே தொடாதீங்கம்மா, உள்ளேயே மழை பெய்யும் பாருங்க"ன்னு சொல்லிவிட்டு பைக்கை எடுத்தவன்தான், உயிரோடு திரும்பி வரவில்லை. உள்ளே இருப்பது அவன் மூச்சுவிட்ட காற்று. அதை எப்படித் திறந்துவிடுவேன்?

பூசணம் பக்கத்துச் செடிக்கும் ஏறிவிட்டது. அதென்ன இன்னொரு விஷயம்?

அத்தை


ஜூன் 29

அன்புள்ள அத்தை,

வழியில் மூடி திறந்துகொள்ளுமோ என்று பயந்துதான் நானும் ஜாடியை உங்களிடமே விட்டுவந்தேன்.

இங்கே கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவர் ஒருவர், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நல்ல மனிதர். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் பேச்சுக்குச் சிரித்துவிட்டால்கூட அன்றைக்கெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. உங்களுக்கு இஷ்டமில்லையென்றால் இதோடு விட்டுவிடுகிறேன். சத்தியமாக.

உங்கள் மருமகள்


ஜூலை 15

என் பெண்ணே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஒன்றிலும் கை ஓடவில்லை. கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். "அதுக்குள்ள மறந்துட்டாளா?"ன்னு சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தேன். முகத்தை உள்ளே நுழைத்து மோந்து பார்த்தேன். வெறும் மண் வாசனைதான். அவன் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அப்புறம் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். இரண்டு செடி போய்விட்டன. பெரணி பிழைத்துக்கொண்டது.

அவரிடம் சரியென்று சொல். நான் மனதாரத்தான் சொல்கிறேன். கொஞ்சம் வலிக்கிறது, அதற்காக நீ நிற்காதே.

ஊருக்கே தைக்கிறேன், கல்யாணச் சட்டையை மட்டும் கடையில் எடுப்பீர்களா? அவருடைய தோள், மார்பு, கை நீளம் மூன்றையும் அளந்து உடனே எழுது. இல்லாவிட்டால் கைப்பழக்கத்தில் அவன் அளவுக்கே வெட்டிவிடுவேன்.

அத்தை