வாலிலை சுருண்ட இறகு

நீர்வேலி,
கார்த்திகை மாதம்.

அன்பு மகள் ரேச்சலுக்கு அம்மா எழுதிறது,

நீயும் மருமகன் பிறேமும் என்ரை பேரன் றயனும் ஆண்டவரின்ரை கிருபையாலை சுகமாய் இருப்பியள் எண்டு நினைக்கிறன். நானும் சுகம் எண்டுதான் எழுதவேணும், எழுதிப்போட்டன். இங்கை மழை விட்டபாடில்லை, கிணறு கட்டுமட்டும் வந்து நிக்குது, பின் வளவிலை ரண்டு வாழை குலையோடை சரிஞ்சு போச்சுது, அப்பா இருந்திருந்தால் நேரத்துக்கு முண்டு குடுத்திருப்பார். முன்வீட்டுப் பார்த்தீபன் கனடாவுக்கு வாறான், அவனிட்டைத்தான் இதைக் குடுத்து விடுறன். போனிலை கதைச்சால் நீ இடையிலை பூந்து அம்மா அழாதேங்கோ எண்டுவாய், நான் சொல்ல வந்தது அப்பிடியே நிண்டுபோம். ஐஞ்சாம் வகுப்போடை நிண்டவளின்ரை எழுத்து, பிழை பாராமல் கடைசிமட்டும் வாசி.

றயன் வாத்து வாத்து எண்டு கூப்பிடுற எங்கடை கபிலத் தாரா முட்டை போட்டிட்டுது. விடியக் கூட்டைத் திறக்க வைக்கோலுக்கை கிடக்குது, கையிலை எடுக்கச் சூடு ஆறேல்லை. நீயும் உன்ரை பத்மாவதி மாமியும் சேவல் எண்டு எனக்குச் சொன்ன தாராதான். நான் முதல் நினைச்சன் ஆரின்ரையோ வீட்டுத் தாரா வந்து போட்டிட்டுதாக்கும் எண்டு, பார் பிள்ளை, அப்பவும் எனக்கு உங்களிலை சந்தேகம் வரேல்லை.

அப்பா புத்தூரிலை போய் அந்தக் குஞ்சுகளைப் பெட்டியிலை கொண்டுவந்தது உனக்குத் தெரியும், நாலு மஞ்சள், ஒண்டு கறுப்பிலை மஞ்சள் புள்ளி. அண்டைக்கே போனிலை றயனுக்குப் பிடிச்சுக் காட்டி, மஞ்சள் எல்லாம் வளர வெள்ளையாய் வரும், கறுப்புச் சேவலாய் இருந்தால் தலை பச்சையாய் மினுங்கும், பேடாய் இருந்தால் கபிலமாய் நிண்டுபோம், வாலிலை இறகு மேலை சுருண்டால் அது சேவல் எண்டு அவர் சொல்லிக்கொண்டு போக, அவன் எனக்குப் பச்சைத் தலை வேணும் தாத்தா எண்டு நிண்டவன். நீ பக்கத்திலை நிண்டு எல்லாம் கேட்டனீ. பிறகு ஒரு கிழமை இல்லை, தவிடு குழைச்சுக்கொண்டு கிணத்தடியிலை குந்தியிருந்தவர் அப்பிடியே சரிஞ்சார், நான் ஓடிப் போகேக்கை அந்தக் குஞ்சுகள் அவரின்ரை கையிலை இருந்த தவிட்டைத் தின்னுதுகள். அதுக்குப் பிறகு நான் அதுகளோடை இருந்தது உங்களுக்கெல்லாம் விசராய்த் தெரிஞ்சுது. எனக்கு அது விசர் இல்லை பிள்ளை, அவரின்ரை கையிலை கடைசியாய்த் திண்டதுகள் அதுகள்தானே.

நீ கனடாவுக்கு வா வா எண்டு கேக்க, தாராக்களை ஆர் பாக்கிறது எண்டு நான் சொன்னது உண்மைதான். சாட்டு எண்டாலும் சாட்டுத்தான். அதுக்கு நீ செய்தது என்ன. ஆடி மாதம் ஒரு ஞாயிறு நான் சேர்ச்சாலை வர, மச்சாள் பத்மாவதி வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கம் குந்தியிருந்து, மச்சாள் இங்கை வந்து பாருங்கோ, ஐஞ்சுக்கும் வால் சுருண்டிட்டுது, ஐஞ்சும் சேவல், இனி ஒண்டையொண்டு கொத்திச் சாக்காட்டிப்போடும் எண்டாள். பார்த்தன், சுருண்டுதான் இருந்துது. பேடு மாதிரிப் பெரிய சத்தமாய்க் கத்துதே எண்டு கேட்டன், இளஞ்சேவல் அப்பிடித்தான், பிறகு தொண்டை கட்டிப்போம் எண்டாள். அவரின்ரை சொந்தத் தங்கச்சி சொல்லுறாள், அவர் சொன்ன அடையாளமும் கண்ணுக்கு முன்னாலை நிக்குது, நம்பாமல் என்ன செய்யிறது. வெள்ளை நாலையும் அவளிட்டைக் குடுத்துவிட்டன். கறுப்பை மட்டும் றயனுக்கெண்டு வைச்சன், தலை பச்சையாய் வரட்டும் எண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனிலை அதின்ரை தலையைத் திருப்பித் திருப்பி அவனுக்குக் காட்டினன், இன்னும் வரேல்லையோ அம்மம்மா எண்டு அவன் கேப்பான், மார்கழிக்கு வரும் ராசா எண்டுவன். நீ பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனீ.

ஐப்பசி மழையோடை அந்தச் சுருள் நிமிர்ந்து போச்சுது. அப்பவும் மழையிலை நனைஞ்சபடியாலையாக்கும் எண்டு நினைச்சன். முட்டையைக் கண்ட பிறகு அதைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சுகொண்டு மச்சாள் வீட்டை போனன். மேசையிலை வைச்சன். அவள் எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். நான் சேர்ச்சுக்குப் போன நேரம் பாத்து, தான் கலியாணப் பெண்ணுக்கு றிபன் சுருட்டுற கத்தரிக்கோலின்ரை விளிம்பாலை இறகை இழுத்துச் சுருட்டினதாம். மச்சாள் என்னோடை கோவியாதேங்கோ, ரேச்சல் பிள்ளைதான் போன் எடுத்து, அப்பா சொன்ன வால் அடையாளத்தைச் சொன்னால்தான் அம்மா நம்புவா, தாரா இல்லாட்டில் அம்மா வெளிக்கிடுவா எண்டு கெஞ்சினது எண்டாள். வெள்ளை நாலும் எங்கை எண்டு கேட்டன். உடுப்பிட்டியிலை ஒரு பிறந்தநாள் வீட்டுக்குக் குடுத்தவளாம். அண்டைக்கே சட்டிக்கை போயிருக்கும். ஒண்டு மட்டும் கேட்டன், அதுகளிலை பேடு எத்தினை எண்டு. மூண்டாக்கும் எண்டாள், ஆரோ மிச்சச் சாப்பாட்டை எண்ணிச் சொல்லுற மாதிரி.

ரேச்சல், ஊரிலை கள்ளர் வந்து பிடிச்சுக்கொண்டு போயிருந்தால் நான் ரண்டு நாள் திட்டிப்போட்டு விட்டிருப்பன். நீ எடுத்தது தாராவை இல்லை. செத்த மனிசன் தன்ரை பேரனுக்குச் சொல்லிக் குடுத்த சொல்லை எடுத்து என்ரை கண்ணைக் கட்டினனீ. அவர் சொன்னது எண்டால் நான் மறுபேச்சுப் பேசமாட்டன் எண்டு உனக்கு நல்லாய்த் தெரியும், என்ரை வயித்திலை பிறந்தபடியாலைதான் தெரியும். எனக்கு நல்லதுக்குச் செய்தனான் எண்டு சொல்லுவாய். சொல்லாதை. அம்மா, தாராக்களைக் குடுத்திட்டு வாங்கோ, நீங்கள் தனிய இருக்கிறது எனக்குப் பயமாய் இருக்கு எண்டு நேரை கேட்டிருந்தால் நான் ரண்டு நாள் முகத்தை நீட்டிப்போட்டு வந்திருப்பன். உண்மையாய் வந்திருப்பன்.

இப்ப எனக்கு ரிக்கற் போடாதை. மூண்டு மாதம் நிண்டிட்டு வாங்கோ எண்டு கூப்பிட்டனீ. அந்த மூண்டு மாதம் மூண்டு மாதம்தானோ, இல்லாட்டில் நான் வந்து இறங்கின பிறகு வேறை கதையோ எண்டு நான் ஆரிட்டைக் கேக்கிறது. முந்தி எண்டால் இப்பிடி ஒரு யோசினை எனக்கு வந்திராது.

றயனுக்கு நீயே சொல்லு, அது பேடு, தலை பச்சையாய் வராது, வெள்ளைகளும் இல்லை, ஏன் இல்லை எண்டும் சொல்லு. வாற ஞாயிறு அவன் கேட்டால் நான் இனிப் பொய் காட்டமாட்டன்.

பிறேம் தம்பிக்கு முதுகு நோ எண்டு சொன்னனீ, எண்ணெய் ஒரு போத்தில் பார்த்தீபனிட்டை விட்டிருக்கிறன், சூடாக்கித் தடவு. பிள்ளையைக் குளிருக்கை தொப்பி இல்லாமல் விடாதை. உன்னிலை கோவம் எண்டாலும் உங்கள் மூண்டு பேரின்ரையும் பேரைச் சொல்லாமல் நான் படுக்கிறேல்லை, கர்த்தர் உங்களைக் காக்கட்டும். இனி எனக்கு எது நல்லது எண்டு மாமியைக் கேளாதை, என்னைக் கேள், நான் இன்னும் உயிரோடைதான் இருக்கிறன்.

உன்னைப் பெத்தவள்,
செ. மனோன்மணி