ஒழிக என்று போட்டேன்

செயின்ட் லூயிஸ், மார்ச் 3, 1874

தங்கை ஹெட்விக்கின் கணவர் லோரென்ஸ் நேற்று தத்துவச் சங்கத்தில் பேசினார். மதப் பள்ளி வாத்தியார். பேசியதும் மதத்தைப் பற்றித்தான். இங்கே அமெரிக்காவில் குடியேறிய நம் ஆட்களின் ஜெர்மன் பேச்சை ஆங்கிலப் பத்திரிகைக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. தேவாலயத்தை 'ஆஃப்ஹேபன்' செய்ய வேண்டும் என்றார் லோரென்ஸ். அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஒழிப்பது என்றும் பொருள், எடுத்துப் பத்திரமாக வைப்பது என்றும் பொருள், தூக்கி உயர்த்துவது என்றும் பொருள். மீந்த ரொட்டியை நாளைக்கு எடுத்து வைக்கவும் ஹெட்விக் அதைத்தான் சொல்வாள். லோரென்ஸ் மூன்றையும் சேர்த்தே சொன்னார்: பழையதன் தோலை விட்டு, சாரத்தைக் காத்து, மேலே கொண்டுபோவது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

பத்திரிகை ஆசிரியர் புரூயிட் படித்துக் கொட்டாவி விட்டார். "இதை எவன்யா படிப்பான்? அந்தச் சொல்லுக்கு ஒழிக்கிறதுன்னு அர்த்தம் உண்டா, இல்லையா?"

உண்டு என்றேன். மாற்றியும் கொடுத்தேன். பொய் இல்லையே?

மார்ச் 4

"தேவாலயத்தை ஒழிக்க வேண்டும்: ஜெர்மன் வாத்தியார் முழக்கம்." முதல் பக்கம். அவரா முழங்கினார்? அவர் பேசினால் மூன்றாம் வரிசைக்கே கேட்காது.

மார்ச் 7

சிகாகோ, சின்சினாட்டி பத்திரிகைகளும் எடுத்துப் போட்டிருக்கின்றன. ஒன்றில் 'எரிக்க வேண்டும்' என்றே ஆகிவிட்டது.

மார்ச் 9

லோரென்ஸைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஹெட்விக் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியாதாண்ணா? முன்வரிசையிலதானே உட்கார்ந்திருந்தே?"

தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். சொந்தத் தங்கச்சி வீட்டு அடுப்பையே அணைச்சிட்டு நிக்கிறேன் — என்ன மனுஷன் நான்?

மார்ச் 12

கெஞ்சிக் கூத்தாடித் திருத்தம் போட வைத்தேன். கடைசிப் பக்கம், குதிரை விற்பனை விளம்பரத்துக்குக் கீழே. ஒருவரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2

பீப்பாய் செய்யும் தொழிலாளர்கள் லோரென்ஸைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் தலைப்பை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். போய், தான் சொன்னது இன்னதென்று விளக்கிவிட்டு வருவதாகச் சொன்னார். கேட்க நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் 6

மண்டபம் நிரம்பி வழிந்தது. லோரென்ஸ் மூன்று பொருளையும் விளக்க ஆரம்பித்தார். பெஞ்சுகள் கிறீச்சிட்டன, ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசல் பக்கம் போனார்கள். பாதியில் நிறுத்தினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, நான் அவரிடம் கேட்டே இராத உரத்த குரலில் சொன்னார்:

"தேவாலயம் ஒழியணும்."

போனவர்கள் திரும்பி வந்தார்கள். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஹெட்விக் தட்டவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னால் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை.

செய்தியை எழுதிக் கொடுத்தேன். புரூயிட் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. எல்லாம் லோரென்ஸ் சொன்னதுதான்.