மூன்றாவது பெயருக்கு நேரே

ஜூலை 3, வியாழன்

ஏழாம் வகுப்பில் இன்று வாக்குரிமைப் பாடம். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "நாளைக்கு நாமளே ஒரு தேர்தல் வைப்போம். வகுப்புத் தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்க" என்றேன். கூரை பறக்காத குறைதான்.

இரண்டு பேர் போட்டிக்கு எழுந்தார்கள். நன்றாகப் பாடும் ஒருத்தி, ஓட்டப்பந்தயக்காரன் ஒருவன். மூன்றாவது பெயரை நானே போர்டில் எழுதினேன். ஜன்னலோர பெஞ்சில் தனியாக உட்காருகிற பெண்; குரல் மெலிசு என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் 'மியாவ்'. அவளைக் கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்று நினைப்பு.

ஜூலை 4, வெள்ளி

சாக்பீஸ் பெட்டியில் துளை போட்டு, முப்பத்தெட்டு சீட்டுகள். ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். பாடகிக்கு இருபத்தொன்று, ஓட்டக்காரனுக்குப் பதினேழு. மூன்றாவது பெயருக்கு நேரே சுழியம் போட்டேன். ஒளிவுமறைவு இல்லாத எண்ணிக்கை என்று பெருமை வேறு!

அவள் ஓட்டுகூட அவளுக்கு விழவில்லை. பின்னாலிருந்து யாரோ 'மியாவ்' என்றார்கள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கணவரைப் பிரிந்து வந்த வருடம், அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

நேற்றும் இன்றும் அவள் வரவில்லை.

நான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஐந்து வாரம். ஆசிரியர் அறையில் எல்லோரும் வணக்கத்தோடு சரி. யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 10, வியாழன்

இன்றும் இல்லை. அண்ணன் போன் செய்தான். "சாப்பிட்டியா?" "ஆச்சு." "வேற என்ன?" "ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லையா? ஒரு குழந்தையை ஊர் பார்க்க நிக்க வச்சு சுழியம் போட்டேனே — அது ஒண்ணுமில்லையா?

ஜூலை 12, சனி

அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அம்மா தையல்காரர். காலடியில் வெட்டுத்துணி குவிந்து கிடந்தது.

"வயித்து வலின்னு சொல்றா டீச்சர். டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார்."

மகள் என்னையே பார்த்தாள். பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். முடியவில்லை.

"வயிறு இல்லம்மா. காரணம் நான்தான்." நடந்ததைச் சொன்னேன்.

தையல் மெஷின் நின்றது. "இவளுக்குக் கூட்டாளின்னு யாருமில்லைங்கறத நாங்க வீட்டுக்குள்ளகூட பேசிக்க மாட்டோம் டீச்சர். நீங்க அதை போர்டுலயே எழுதிட்டீங்க."



"எனக்கு நானே போட்டிருந்தா ஒண்ணு வந்திருக்கும்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. "அந்த ஒண்ணு நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அது இன்னும் கேவலம்."

"என்னை மன்னிச்சிடும்மா."

அவள் குனிந்து வெட்டுத்துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஏன் மன்னிக்க வேண்டும்?

ஜூலை 14, திங்கள்

வந்துவிட்டாள். அதே ஜன்னலோரம்.

அவள் பெயரைச் சொல்லாமல் வகுப்பிடம் சொன்னேன்: "ஒருத்தரைக் கேக்காம போட்டியில நிக்க வச்சது தப்பு. அது என் தப்பு." ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மழை. யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 18, வெள்ளி

சட்டம் இயற்றும் பாடம். "இந்த வகுப்புக்கு ஒரு விதி சொல்லுங்க" என்றேன். வீட்டுப்பாடமே கூடாது, தினமும் விளையாட்டு — எதிர்பார்த்தவைதான்.

பிறகு அவள் எழுந்தாள். "சம்மதம் கேக்காம யார் பேரையும் எழுதக் கூடாது."

"கேக்கல" என்றது பின்வரிசை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே திரும்பி நின்று, உரக்கச் சொன்னாள்: "சம்மதம் கேக்காம யார் பேரையும் எழுதக் கூடாது! டீச்சரா இருந்தாலும்!"

கைகள் உயர்ந்தன. அவளே எண்ணினாள். நானும் என்னையறியாமல் கையைத் தூக்கியிருந்தேன்.

"டீச்சர், கையை இறக்குங்க. உங்களுக்கு ஓட்டு இல்ல" என்றாள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவளும்தான். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். முப்பத்து நாலு பேர் ஆதரவு. நாலு பேர் தூக்கவில்லை. அதுவும் சரிதான்.

பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் இடைவேளையில் வந்து, "அப்படி என்னங்க சிரிப்பு? சுவரே அதிர்ந்துது" என்றார். ஒண்ணுமில்ல என்று சொல்ல வந்தவள், உட்காரச் சொன்னேன். சுழியத்திலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னேன். மணி அடித்தது இருவருக்கும் கேட்கவில்லை.